ஒரு சுவர், இரண்டு மனுக்கள்

எங்கள் தெருவில் தையல் மெஷின் சத்தம் நின்றால் யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம். கையில் பையும் இன் பண்ணிய சட்டையுமாக ஓர் ஆள் தெருமுனையில் திரும்பினால் போதும். முதல் வீட்டு ஓவர்லாக் மெஷின் நிற்கும். பிறகு எதிர்வீட்டுப் பேட்லாக் மெஷின். அவர் நடக்க நடக்க, அவருக்கு முன்னால் அமைதி நடந்து போகும். வந்தவர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த யாரோ ஒருவருடைய பெரியப்பாவாகக்கூட இருக்கலாம். அதையெல்லாம் மெஷினை நிறுத்திய பிறகுதான் விசாரிப்போம்.

நெருப்பெரிச்சலைத் தாண்டி, முன்பு ஊராட்சியாக இருந்து மாநகராட்சிக்குள் வந்து சேர்ந்த பகுதி எங்களுடையது. எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் முன்னறையில் மெஷின், பின்னறையில் குடும்பம். வரி ரசீதில் அது வீடு. வாசலில் கிடக்கிற, தைக்க வந்த பீஸ் மூட்டையைப் பார்த்தால் தையல் யூனிட். இரண்டில் எது என்று யாரும் கேட்காதவரை எல்லோரும் சௌக்கியம்.

எங்கள் வீட்டுக்கு அடுத்தது அத்தை வீடு. அப்பாவுக்கு அக்கா. பல வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். நாள் முழுக்க டேபிள் முன்னால் நின்று, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று தேடித் தேடி, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. ஒருநாள் போதும் என்று வந்துவிட்டார். வெள்ளகோவில் பக்கம் போய் ஒரு மாடு பிடித்து வந்தார். அது இரண்டானது. தெரு முழுக்க அத்தை ஊற்றும் பால்தான். "இப்ப என்னைய யாரும் செக் பண்றதில்ல கண்ணு, நானும் யாரையும் செக் பண்றதில்ல" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் அத்தையின் மொத்தச் சந்தோஷமும் இருந்தது.

மாட்டுக் கொட்டகையின் ஒரு பக்கச் சுவர்தான் அடுத்த வீட்டின் முன்னறைச் சுவர். அங்கே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி. வந்த புதிதில் கம்பெனியில் டைலராக இருந்தார்கள். பிறகு சொந்தமாக இரண்டு அறை கட்டி, முன்னறையில் மெஷின்களைப் போட்டு, கம்பெனிகள் கொடுக்கும் பீஸை ஜாப் ஒர்க்காக எடுத்துத் தைக்கிறார்கள். பின்னறையில் அவர்களும் பிள்ளைகளும். அந்த அம்மாவை நாங்கள் தூத்துக்குடி அக்கா என்போம். சாணி வாசம் சுவரைத் தாண்டி அங்கே போகும், மெஷின் சத்தம் சுவரைத் தாண்டி இங்கே வரும். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை குறை சொல்லிக்கொண்டதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தையின் பெரிய மாட்டுக்கு அந்த மெஷின் சத்தம் இல்லாமல் பால் இறங்காது. கொட்டகைக்கு வந்த நாளிலிருந்து கேட்டே பழகிய சத்தம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்குக் கிளம்பிவிட்டால், மடியைத் தொட்டாலே காலை உதைக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூத்துக்குடி அக்காவின் வீட்டுக்காரர் முன்கூட்டியே எழுந்து, ஒரு துண்டுத் துணியை வைத்துச் சும்மாவாவது ஓட்டிக்கொண்டிருப்பார். அத்தை கறந்து முடித்துச் சுவரில் தட்டினால்தான் குளிக்கப் போவார்.

நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையருக்கும் நம்மூர் யூனிட்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாநகராட்சி இணையதளத்தை மேய்வது எனக்குப் பழக்கம். எந்தத் தெருவுக்கு டெண்டர், எந்தப் பாலம் எப்போது என்று படித்தால்தான் சோறு இறங்கும். "மேயரம்மா சாப்ட்டாச்சுங்களா?" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அப்படி மேய்ந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. தொழில் உரிமத்துக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்குமான விதிகளைச் சேர்த்துத் திருத்தப்போகிறார்கள். அதன் வரைவு.

எனக்கு ஒரே சந்தோஷம். பழைய விதிகளில் குதிரை லாயத்துக்கெல்லாம் இடம் இருந்தது, வீட்டில் ஓடும் ஓவர்லாக் மெஷினுக்கு இடமில்லை. நாய்க்கு உரிமம், தெருவில் திரியும் மாட்டுக்குக் கட்டுப்பாடு, உரிமத்துக்கு அலையாமல் ஆன்லைனில் விண்ணப்பம். படிக்கப் படிக்க, பரவாயில்லையே, ஊர் முன்னேறுகிறதே என்று தலையாட்டிக்கொண்டே போனேன். மாட்டுக் கொட்டகைப் பகுதி வரும் வரைக்கும்.

பிறர் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து முப்பது அடிக்குள் கொட்டகை இருக்கக் கூடாது. இருந்தால் அகற்ற வேண்டும். இன்னும் இரண்டு பக்கம் தள்ளி அடுத்தது: மின்சாரத்தில் ஓடும் மெஷின் வைத்திருக்கும் எந்தக் கட்டடமும் தொழிற்கூடமாகக் கருதப்படும். அதற்கு முழு உரிமம் வேண்டும்.

சாயங்காலம் கொட்டகையில் நின்றுகொண்டே அத்தைக்குப் படித்துக் காட்டினேன்.

"முப்பது அடின்னா எவ்வளவு தூரம் கண்ணு?"

"நம்ம வாசல்லருந்து தண்ணி டேங்க் வரைக்கும் வெச்சுக்குங்க அத்தை."

"டேங்குக்கு அக்கட்டால இன்னொருத்தரு ஊடு இருக்குதே. அங்கிருந்து முப்பது அடின்னா மறுபடி இங்கதான வந்து நிக்கோணும்?"

"ஆமாங்க."

"அப்ப எங்க கட்டறது, மொட்டை மாடியிலயா?"

சோளத்தட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்டார். குரலில் கிண்டல்தான். ஆனால் போட்ட தட்டையே மறுபடி எடுத்து மறுபடி போட்டார்.

"இது இன்னும் சட்டம் ஆகலீங்க அத்தை. வரைவு. சாம்பிள் மாதிரின்னு வெச்சுக்குங்க. பையர் கமெண்ட் சொல்லட்டும்னு அனுப்புவமில்லீங்களா? அப்படி ஜனங்க கமெண்ட் சொல்லறக்குப் போட்டிருக்காங்க."

செக்கிங் டேபிளில் நின்றவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சட்டென்று நிமிர்ந்தார். "அப்ப ஆல்டர் பண்ணலாமா?"

"பண்ணலாமுங்க."

"அளவு தப்புன்னு எழுது."

எழுத உட்கார்ந்ததும் என் மூளை பறந்தது. விதி என்ன சொல்கிறது? பிறர் குடியிருக்கும் கட்டடம். பக்கத்துக் கட்டடம் என்ன? முன்னறை முழுக்க மெஷின். அதை யூனிட் என்று எழுதிவிட்டால் முப்பது அடி விதியே நமக்குப் பொருந்தாது! ஒரே வரியில் மாடு தப்பித்தது. பெருமையோடு வாசித்துக் காட்டினேன்.

அத்தை கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தம்மிணி மெஷின் ஓட்டறத நானே எழுதிக் குடுக்கறதா? அப்பறம் அவங்களுக்கு அந்த லைசன்ஸ் இந்த லைசன்ஸ்னு கேப்பாங்க. கரண்ட்டு ரேட்ட மாத்துவாங்க. ரெண்டு ரூம்ல இருக்கறவங்க எங்க போவாங்க? என்ர மாட்டுக்காக அவங்க பொழப்புல மண்ணள்ளிப் போடச் சொல்றயா?"

"அப்படியில்லீங்க அத்தை, விதிப்படி பாத்தா..."

"பாத்தது போதும். நான் சொல்றத எழுது. பக்கத்துல இருக்கறது ஊடு. குடும்பம் மட்டும் குடியிருக்குது. ஒரு மெஷினும் ஓடறதில்ல."

அவர் சொல்லும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஓவர்லாக் டர்ர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அப்படி எழுதினா நம்ம மாடு போயிருமுங்க அத்தை!"

"மாட்டப் பத்தித் தனியா எழுது. தங்கமான மாடு, யாரையும் முட்டாதுன்னு எழுது."

எழுதினேன். முதல் பத்தி மாட்டைக் காப்பாற்றச் சொன்னது. இரண்டாம் பத்தி மாட்டை அகற்ற வழி சொன்னது. என் வாழ்க்கையில் இவ்வளவு மோசமான கமெண்ட் ஷீட்டை நான் தயாரித்ததில்லை. அத்தை கையெழுத்துப் போட்டு, "கடைசித் தேதிக்கு மேல ஒரு வாரம் எப்பவும் கூட வெச்சிருப்பாங்க, மெதுவாக் குடு" என்றார். இந்த ஊரில் யாரும் கடைசித் தேதியை நம்புவதில்லை. ஷிப்மென்ட் எப்போது என்று யூனிட்காரர் கேட்டால் நாங்கள் ஒரு வாரம் முன்னால் தள்ளித்தான் சொல்வோம். அது அவருக்கும் தெரியும், அவரும் ஒரு வாரம் தள்ளித்தான் கொடுப்பார். மாநகராட்சியும் அப்படித்தான் என்று தெருவே நம்பியது. நான் நம்பவில்லை. பர்மிஷன் போட்டு, கடைசி நாள் மதியமே மண்டல அலுவலகத்துக்கு ஓடினேன். கவுண்டரிலிருந்து தூத்துக்குடி அக்காவின் வீட்டுக்காரர் திரும்பி வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"என்னங்கண்ணா, இங்கே?"

"சும்மாதான் வந்தேன். தண்ணி வரி." ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தைச் சமுதாயக் கூடத்தில் வைத்தார்கள். மேடையில் ஒரு சுகாதார அலுவலர், மூக்கின் நுனியில் கண்ணாடி. பக்கத்தில் மனுக்களின் கட்டு. நான் ஆர்வத்தில் முன்வரிசையில் இடம்பிடித்தேன். அத்தை எனக்குப் பக்கத்தில். இரண்டு வரிசை பின்னால் தூத்துக்குடி அக்காவும் வீட்டுக்காரரும். "நீ என்ன அம்மிணி இங்க?" என்று அத்தை திரும்பிக் கேட்டார். "சும்மா பாக்க வந்தோம்க்கா" என்று அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

ஒவ்வொரு மனுவாக வாசித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சேவல் விடிவதற்குள் கூவுகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் புறா நாங்கள் காயப்போட்ட துணியில் எச்சமிடுகிறது. ஒருவர் எழுந்து, எதிர்வீட்டு நாய் தன் யூனிட்டுக்குள் புகுந்து கட்டிங் வேஸ்ட் மூட்டைமேல் படுப்பதாகவும், அந்த ரோமம் ஒட்டி வெள்ளை பீஸெல்லாம் ரிஜெக்ட் ஆனதாகவும் கத்தினார். "வேஸ்ட்டு மேலதானே படுத்துச்சு, பீஸ் மேலயா படுத்துச்சு?" என்று நாய்க்காரர் திருப்பிக் கத்தினார். "நாய்க்கு வேஸ்ட் எது பீஸ் எதுன்னு தெரியுமாய்யா?" "உங்க டைலருக்கே தெரியறதில்ல, நாயக் குத்தம் சொல்றீங்க!" கூடம் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு அத்தையின் மனு. பக்கத்தில் இருப்பது குடும்பம் வசிக்கும் வீடு மட்டுமே, அங்கே எந்த மெஷினும் ஓடவில்லை என்று அலுவலர் வாசித்தார். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னால் தூத்துக்குடி அக்கா "ஏசுவே" என்றது எனக்குக் கேட்டது.

அலுவலர் அடுத்ததை எடுத்தார். "எங்கள் கட்டடத்தில் யாரும் குடியிருக்கவில்லை. முழுக்க முழுக்கத் தையல் யூனிட். ஆகவே பக்கத்து மாட்டுக் கொட்டகையால் யாருக்கும் இடைஞ்சல் கிடையாது." படித்துவிட்டு முதல் மனுவை மறுபடி எடுத்துப் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே கதவு எண்ணா இருக்குதே? இங்க ஒருத்தரு மெஷினே இல்லைங்கறாங்க. அந்தக் கட்டடத்துக்காரரே குடியே இல்லைங்கறாரு. ரெண்டு பேரும் வந்திருக்கீங்களா?"

மூன்று பேரும் எழுந்தார்கள். நானும் எழுந்துவிட்டேன், எதற்கென்று தெரியாமல்.

"இதுல எதும்மா பொய்?"

அத்தை யோசித்தார். "ரெண்டுலயும் பாதிங்க."

யாரோ முதலில் சிரித்தார், பிறகு கூடம் முழுக்க. அத்தை சிரிக்கவில்லை. திரும்பித் தூத்துக்குடி அக்காவை முறைத்தார். "ஏன் அம்மிணி, யூனிட்டுன்னு நீயே எழுதிக் குடுப்பயா? அவங்க வந்து பூட்டுனா என்ன பண்ணுவ?"

"நீங்க மட்டும் என்ன எழுதியிருக்கிய? மெஷின் இல்ல, வீடுதான்னு சொன்னா உங்க மாட்ட அவிழ்த்துக் கொண்டுபோயிருவாவன்னு தெரியாதாக்கா?"

"என்ர மாட்ட நான் பாத்துக்குவன்."

"எங்க மெஷின நாங்க பாத்துக்கிடுவோம்."

"இங்க வெச்சுச் சண்டை போடாதீங்கம்மா" என்றார் அலுவலர். ஆனால் அவர் முகம் இளகியிருந்தது. "காலைலருந்து பக்கத்தூட்டுக்காரன் நாய், பக்கத்தூட்டுக்காரன் சேவல்னு கேட்டுக் கேட்டு எனக்குக் காதே அடைச்சுப்போச்சு. நீங்க ரெண்டு பேரும் இப்படி வந்து நிக்கறீங்க. பொய் மனுவ நான் மேல அனுப்ப முடியாது. நெசத்த எழுதி ஒரே மனுவாக் குடுங்க."

நெசம் என்றால் இரண்டு பேரும் மாட்டுவார்கள் அல்லவா? அங்கேதான் எனக்கு வாய் வந்தது. சாம்பிளில் அளவு சரியில்லை என்றால் நாங்கள் சாம்பிளைத் தூக்கி எறிய மாட்டோம். இந்த இடத்தில் இவ்வளவு கூட்டு, இந்த இடத்தில் இவ்வளவு குறை என்று எழுதி அனுப்புவோம். "சார், பக்கத்துல குடியிருக்கறவங்களே சரின்னு கையெழுத்துப் போட்டா முப்பது அடிய விட்டுக் குடுக்கலாமில்லீங்களா? அப்பறம், வீட்டுக்குள்ள நாலஞ்சு மெஷின் வெச்சிருக்கறவங்களப் பெரிய கம்பெனியோட சேக்காம, வீட்டுத் தொழில்னு தனியா ஒண்ணு வெக்கலாமில்லீங்களா?" மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"எழுதிக் குடும்மா. ஆனா முடிவு எங்கையில இல்ல, மன்றத்துலதான்."

பிளாஸ்டிக் நாற்காலியில் தாளை வைத்து எழுதினேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ஒரு பக்கம் மாடு. இன்னொரு பக்கம் மெஷினும் குடும்பமும். எங்களுக்குள் ஆட்சேபம் இல்லை. கீழே அத்தையும் அக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். அதன்பின் பஸ் ஸ்டாப் வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் ஏறியதும், "இடம் இருக்குது, உக்காரு" என்று அத்தை தன் பக்கத்து சீட்டைத் தட்டினார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் கஷ்டம். உள்ளதைச் சொல்லியாயிற்று, இனி மறைக்க ஒன்றுமில்லை. தூத்துக்குடி அக்கா வீட்டில் பாதி நாள் மெஷின் ஓடவில்லை. யாராவது வந்துவிடுவார்கள் என்ற பயம். மாடு பாலைக் குறைத்தது. உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு மாட்டு வியாபாரி எப்படியோ மோப்பம் பிடித்து வந்து, "சட்டம் வருதாமாங்க, இப்பவே குடுத்தீங்கன்னா நல்லதுங்க" என்றார். "சட்டம் எனக்கா உங்களுக்காங்க?" என்று அத்தை அவரை அனுப்பிவிட்டார். ஆனால் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் என்னென்னவோ பேசிவிட்டு, போகும்போது வாசலில் வைத்து என்னிடம் கேட்டார்: "உங்க கம்பெனில செக்கிங்குக்கு ஆள் எடுக்கறாங்களா கண்ணு?"

"இப்ப இல்லீங்க அத்தை" என்றேன். எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மாநகராட்சி மன்றக் கூட்டத்தன்று லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்தேன். குடிநீர் வரவில்லை என்று ஒரு பக்கம், தோண்டின ரோட்டை மூடவில்லை என்று ஒரு பக்கம். கவுன்சிலர்களில் ஒரு குழு எழுந்து வெளியே போனது, பிறகு வேறு கதவு வழியாக உள்ளே வந்தது. எங்கள் விதி எப்போது வரும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். தீர்மானங்களின் எண்களை யாரோ வேகமாக வாசித்தார். "ஆல் பாஸ்" என்று பல குரல் கேட்டது. மேஜையைத் தட்டினார்கள். எழுந்து போய்விட்டார்கள். அவ்வளவுதான். வாரக்கணக்கில் எங்களைத் தூங்கவிடாத ஒரு விஷயம் ஒரு தும்மலில் முடிந்துவிட்டது. என்ன முடிந்தது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

வெளியே டீ டிரேயோடு வந்த உதவியாளரிடம் கேட்டேன். "அண்ணா, மாட்டு விதி பாஸாயிருச்சுங்களா?"

"எல்லாமே பாஸ்தாம்மா."

"திருத்தத்தோடயா, திருத்தம் இல்லாமயாங்க?"

"அது எனக்கெப்படிம்மா தெரியும்? வெப்சைட்ல போடுவாங்க, பாருங்க."

பார்த்தேன். காலையில், மதியம், டீ நேரத்தில், பையரோடு வீடியோ கால் ஓடும்போது. ஒருநாள் வந்திருந்தது. நேராகக் கொட்டகைப் பகுதிக்கு ஓடினேன். முப்பது அடி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி புதிதாக இருந்தது: ஏற்கனவே உள்ள கொட்டகைகளுக்கு, அருகில் குடியிருப்போர் எழுத்துப்பூர்வமாகச் சம்மதித்தால், தூய்மை நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆண்டு உரிமம் வழங்கலாம். இன்னும் கீழே, வீட்டுத் தொழில் என்று ஒரு தனிப்பிரிவு. சில மெஷின்கள் வரைக்கும் எளிய பதிவு. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேனாம். கத்தினேனாம். பக்கத்து டேபிளில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

அத்தைக்குப் போன் போட்டேன். "சாம்பிள் அப்ரூவ் ஆயிருச்சுங்க அத்தை!"

"ஆல்டரோடயா?"

"ஆல்டரோடங்க."

"செரி, வெய்யி கண்ணு. மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்." வைக்கச் சொன்னாரே தவிர வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு சுவரில் தட்டுகிற சத்தம். "அம்மிணி! ஏ அம்மிணி!"

நிபந்தனைகள் கொஞ்சமில்லை. சாக்கடைக்குள் சாணி போகக் கூடாது, தனியாகக் குழி வேண்டும், மாட்டின் காதில் எண் வேண்டும். எல்லாம் செய்தோம். குழி தோண்டத் தூத்துக்குடி அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். அவர்களுடைய வீட்டுத் தொழில் பதிவை நான் ஆன்லைனில் போட்டுக் கொடுத்தேன். வந்த பதிவுச் சான்றைக் கண்ணாடி போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்துவிட்டார்கள்.

கடைசியாகக் கொட்டகையைப் பார்க்கச் சுகாதார ஆய்வாளர் வந்தார். மாலைக் கறவை நேரம். அவர் தெருமுனையில் திரும்பியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் வீட்டு ஓவர்லாக் நின்றது. எதிர்வீட்டுப் பேட்லாக் நின்றது. அமைதி எங்களை நோக்கி நடந்து வந்தது. அத்தையின் வாசலுக்கு அவர் வந்து சேர்ந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கமும் நின்றுபோனது. கண்ணாடி போட்ட பதிவுச் சான்று சுவரில் தொங்குகிறது, இருந்தும் கை தானாக நிறுத்திவிட்டது.

ஆய்வாளர் குழியைப் பார்த்தார், காது எண்ணைப் பார்த்தார், சரி என்றார். "கறந்து முடிச்சதும் எப்படிக் கழுவி விடறீங்கன்னு பாத்துட்டுப் போயிர்றேன்" என்று ஓரமாக நின்றார். அத்தை வாளியை வைத்துக்கொண்டு குந்தினார். மாடு காலை மாற்றி வைத்தது. மடியைத் தொட்டதும் வாளியை எட்டி உதைத்தது.

"முதல் மனுவுல முட்டாது, உதைக்காதுன்னு எழுதியிருந்தீங்களே?" என்றார் ஆய்வாளர்.

"உதைக்காதுன்னு எழுதலீங்க" என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

அத்தை வாளியை நிமிர்த்திவிட்டு, சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மிணி, மெஷினப் போடு!"

அந்தப் பக்கம் தயங்கியது. "ஆள் வந்திருக்காவ போலிருக்கேக்கா?"

"வந்தா வரட்டும். நீ போடு, மாடு நிக்குது."

பிறகு டர்ர்ரென்று ஓவர்லாக் எழுந்தது. மாடு காதைத் திருப்பியது. தோலில் ஒரு சிலிர்ப்பு ஓடி அடங்கியது. வாளியின் அடியில் பால் பட்டுச் சத்தம் கேட்டது. ஆய்வாளர் சுவரையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் வாசலுக்கு வந்து நின்றேன். எதிர்வீட்டில் பேட்லாக் ஓட ஆரம்பித்தது. அதற்கடுத்து இன்னொன்று. ஆய்வாளர் இன்னும் தெருவை விட்டுப் போகவில்லை, அவருடைய வண்டி வாசலிலேயே நிற்கிறது. ஆனாலும் சத்தம் வீடு வீடாகத் தாண்டித் தெருமுனை வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.